நடுங்கும் கையும் நடுங்கும் மனமும்



பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். வெட்டுக்காரர் வாளியில் கொண்டு வரும் பாலை நிறுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீரே. மழை பெய்து மங்கில் நீர் விழுந்துவிட்டால் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனால்தான் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதன் சத்தை அளந்து பார்த்தார்கள். எடை வேறு, சத்து வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்குத் தவறிவிடும்.

மருத்துவத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கை நடுங்கும் நோய் உள்ள ஒருவருக்கு மனத்தில் பயம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பதே அது. கை நடுங்குவது பயத்தாலா, நோயாலா? வியர்ப்பது பயத்தாலா, நோயாலா? எதை எந்தக் கணக்கில் எழுதுவது? இதைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம். வயதானவர்கள் உள்ள எல்லா வீடுகளுக்கும் இது பயன்படும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். 1817-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர், நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். நம் மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறிய இடம் இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்குகின்றன. கையும் காலும் நாம் நினைத்தபடி, நினைத்த நேரத்தில் அசைவதற்கு டோபமின் வேண்டும். அந்த உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழியும்போது டோபமின் குறைகிறது. சும்மா இருக்கும்போதே கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, எல்லா அசைவும் மெதுவாகிறது, நாளடைவில் நடை தள்ளாடுகிறது. நடுக்கமே இல்லாமல் விறைப்பும் மந்தமும் மட்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

"இந்த நோய் எதனால் வருகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். முதுமை ஒரு காரணம். சிலருக்குப் பரம்பரை காரணம். சில பூச்சிமருந்துகளுக்கும் களைக்கொல்லிகளுக்கும் இந்த நோயோடு தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பாராகுவாட் அவற்றுள் ஒன்று. மலேசியாவில் அது 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மருந்து அடித்தவர் எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை, அடிக்காதவர்களுக்கும் வருகிறது. ஆகவே ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று நாமாக முடிவு கட்டிவிட முடியாது.

இனி நம் பொருளுக்கு வருவோம். நடுக்குவாதம் என்றதும் நாம் கையைத்தான் பார்க்கிறோம். கையைக் காட்டி மருந்து கேட்கிறோம். ஆனால் இந்த நோய் கையோடு நிற்பதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, இந்நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனப்பதற்றமும் இருப்பதாகக் கூறியது. அதாவது பத்துப் பேரில் மூன்று பேர்.

"நோய் வந்தால் பயம் வராமலா இருக்கும்? இது இயற்கைதானே!" என்று நாம் எண்ணக்கூடும். அது பாதி உண்மை. மறுபாதி உண்மை என்ன? மூளையில் எந்த இரசாயனப் பொருள்கள் குறைவதால் உடல் நடுங்குகிறதோ, அவையும் அவற்றோடு சேர்ந்த வேறு சில பொருள்களும் மனத்தின் அமைதிக்கும் தேவைப்படுகின்றன. அவை குறையும்போது மனமும் நடுங்குகிறது. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பதற்றம் தலைகாட்டிவிடுகிறது. ஆகவே இது கோழைத்தனம் அன்று. பேய் பிடித்ததும் அன்று; செய்வினையும் அன்று. நோயின் ஒரு பகுதியே இது.

இந்தப் பதற்றம் மூன்று வகையாக வெளிப்படும். முதலாவது, ஓயாத கவலை. பேரன் வேலை முடிந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் மோட்டார் சைக்கிள் எங்கோ விழுந்துவிட்டது என்று மனம் அடித்துக்கொள்ளும். இரண்டாவது, திடீரென்று வரும் பீதி. எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இப்போதே ஏதோ ஆகிவிடும் என்று தோன்றும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மூன்றாவது, ஒதுங்கிப் போவது. கோயில் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்பார், கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்பார், கடைப்பக்கமே போகமாட்டார். கேட்டால், "கால் வலி" என்பார். உண்மையில் நாலு பேர் முன்னால் கை நடுங்கிச் சோறு சிந்திவிடுமோ என்ற பயமே அவரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும்.

சரி, இதை ஏன் அளக்க வேண்டும்? பயம் இருக்கிறது என்று சொன்னால் போதாதா? போதாது, நேயர்களே. காய்ச்சலை அளந்தால்தான் நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று தெரியும். இரத்த அழுத்தத்தை அளந்தால்தான் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியும். பயத்துக்கும் அப்படியே. ஆனால் பயத்தை அளக்க வெப்பமானியைப் போல ஒரு கருவி கிடையாது. இரத்தத்தைச் சோதித்தாலும் தெரியாது. படம் எடுத்தாலும் தெரியாது. கேள்வி கேட்டு, வரும் பதிலுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் வழி.

இவ்வாறு அளப்பதற்கு மருத்துவ உலகில் பல கேள்விப் பட்டியல்கள் உள்ளன. 1959-இல் ஹாமில்டன் என்பவர் 14 பகுதிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே ஒரு பட்டியல் வந்தது. அதில் பதற்றத்துக்கு 7 கேள்விகள். 1988-இல் பெக் என்பவரின் பட்டியல் வந்தது. அதில் 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இவை யாவும் நல்ல கருவிகளே. ஆயினும் நடுக்குவாதம் உள்ளவரிடம் இவற்றைக் கொண்டு சென்றபோது ஒரு சிக்கல் எழுந்தது.

பெக் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அதில் கை நடுங்குகிறதா என்ற கேள்வி இருக்கிறது. கால் ஆட்டம் காண்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. நிலை தடுமாறுகிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. மனத்தில் ஒரு துளிப் பயமும் இல்லாத ஒரு நடுக்குவாத நோயாளியை எண்ணிப் பாருங்கள். கை நடுக்கத்துக்கு 3, கால் ஆட்டத்துக்கு 2, தடுமாற்றத்துக்கு 2 என்று அவர் உண்மையைச் சொல்கிறார். பயமே இல்லாதவருக்கு 7 மதிப்பெண் சேர்ந்துவிட்டது! மங்கில் மழைநீர் சேர்ந்து எடை கூடியதைப் போன்றதுதானே இது?

அப்படியானால் உடலைப் பற்றிய கேள்விகளை எல்லாம் நீக்கிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் ஆகாது. பீதி வரும்போது நெஞ்சு படபடப்பதும் மூச்சு முட்டுவதும் மெய்யான அறிகுறிகள். அவற்றையும் சேர்த்து நீக்கினால் பயத்தில் ஒரு பகுதி கணக்கில் வராமலே போய்விடும். மேலும் பழைய பட்டியல்கள் பலவற்றில், கூட்டத்துக்குப் போகாமல் ஒதுங்குகிறாரா என்ற கேள்விக்குப் போதிய இடம் இல்லை.

2008-ஆம் ஆண்டில் இந்நோயில் தேர்ந்த வல்லுநர் குழு ஒன்று இந்தப் பட்டியல்களை வரிசையாக ஆராய்ந்தது. எதுவும் நடுக்குவாத நோயாளிக்கு முழுப் பொருத்தமாக இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் லேன்ட்யென்ஸ் என்பவரும் பிற நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து, இந்நோயாளிகளுக்கென்றே ஒரு புதிய அளவுகோலை உருவாக்கி 2014-இல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் பதற்ற அளவுகோல் என்பது அதன் பெயர்.

இந்த அளவுகோலில் 12 கேள்விகள். நாம் மேலே சொன்ன மூன்று வகைகளும் அதில் உண்டு. ஓயாத பதற்றத்துக்கு 5 கேள்விகள். திடீரென்று வரும் பீதிக்கு 4 கேள்விகள். ஒதுங்கிப் போவதற்கு 3 கேள்விகள். கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் மிகுதியாக 48 வரும். எண் ஏற ஏறப் பதற்றம் மிகுதி என்று பொருள். நோயாளி தாமே குறிக்கும் முறையும் உண்டு. மருத்துவர் கேட்டுக் குறிக்கும் முறையும் உண்டு. கை நடுங்குகிறதா என்ற கேள்வி இதில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு படபடப்பைக் கேட்கும்போதும், வேலை செய்து களைத்ததால் வந்த படபடப்பைச் சேர்க்காமல்தான் கேட்கிறார்கள். தண்ணீரைத் தள்ளிச் சத்தை அளக்கும் முறை இதுவே.

ஆனால் எவ்வளவு நல்ல கேள்வியாக இருந்தாலும், கேட்டவருக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் குடும்பத்தாரின் பங்கு வருகிறது. அதற்குத் தடையாக நிற்பவை மூன்று.

முதல் தடை, முகம். இந்த நோயில் முகத்தின் தசைகளும் விறைத்துப் போகின்றன. உள்ளே மனம் துடித்தாலும் முகம் கல்லைப் போல இருக்கும். குரலும் தாழ்ந்து போகும். "தாத்தா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்" என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முகத்தைப் பார்த்து அளக்காதீர்கள். வாயால் கேட்டு அறியுங்கள்.

இரண்டாவது தடை, மொழி. நம் பெரியவர்கள் யாரும், "எனக்கு மனப்பதற்றம்" என்று சொல்வதில்லை. "நெஞ்சு படபடன்னு வருது," "வயித்தைக் கலக்குது," "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். கிளினிக்கில் மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பார். பாட்டிக்குத் துணையாகப் போன பேத்தி மொழிபெயர்ப்பார். பாட்டி நெஞ்சில் கைவைத்து இரண்டு நிமிடம் சொன்னதைப் பேத்தி, "வலி" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டால், மருத்துவர் வலிக்கு மருந்து எழுதுவார். பயம் பயமாகவே வீடு திரும்பும். பயத்துக்கு மலாயில் தாக்குட் என்ற சொல் இருக்கிறது. கவலைக்கு ரிசாவ் என்ற சொல் இருக்கிறது. பாட்டி எதைச் சொன்னாரோ அதையே சொல்லுங்கள். சொல் கிடைக்காவிட்டால், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வந்தபோது என்ன செய்தார் என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

மூன்றாவது தடை, நேரம். இந்நோய்க்கு லெவோடோபா என்ற மருந்தை மருத்துவர்கள் தருகிறார்கள். மூளைக்குள் சென்று அது டோபமினாக மாறுகிறது. சில ஆண்டுகள் மருந்து எடுத்த பிறகு, ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை நிற்காமல் இடையிலேயே இறங்கிவிடுவது உண்டு. அப்போது உடல் விறைக்கும்; பலருக்கு அதே நேரத்தில் பயமும் ஏறிவிடும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இரண்டும் தணியும். மருத்துவரைப் பார்க்கும் நேரம் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாக இருந்துவிட்டால், "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று பெரியவர் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அன்று மாலை வீட்டில் அவர் படும் பாடு கணக்கில் ஏறாது.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் எழுதினால் போதும். மாத்திரை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், அந்த நேரத்தில் நடை எப்படி இருந்தது, மனம் எப்படி இருந்தது என்று நான்கு கட்டம் போடுங்கள். மனத்துக்கு 0 முதல் 4 வரை எண் போடுங்கள். பயமே இல்லை என்றால் 0. தாங்க முடியவில்லை என்றால் 4. எண்ணைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. எழுத வேண்டியவர் நாம். "பாட்டி, இப்ப மனசு எப்படி இருக்கு? ஒண்ணா, ரெண்டா?" என்று மெதுவாகக் கேட்டுச் சிறிது பொறுத்திருங்கள். இந்நோயில் பதில் வருவதற்கும் நேரம் ஆகும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். காலை 7 மணிக்கு மாத்திரை. 9 மணிக்கு நடை நன்று, மனத்துக்கு 1. பகல் 12 மணிக்குக் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, மனத்துக்கு 4. 1 மணிக்கு அடுத்த மாத்திரை. 2 மணிக்கு மறுபடியும் 1. ஏழு நாளும் இப்படியே எழுதியிருந்தால், பயம் மாத்திரை இறங்கும் நேரத்தில் ஏறுகிறது என்று மருத்துவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும். மாத்திரை கொடுக்கும் நேரத்தையோ அளவையோ அவர் மாற்றிப் பார்க்கலாம். மாறாக, காலை முதல் இரவு வரை 3-உம் 4-உம் ஆகவே இருந்தால், பதற்றத்துக்கென்று தனிச் சிகிச்சை தேவையா என்று அவர் ஆராய்வார். பேச்சின் மூலமும் பழக்கத்தின் மூலமும் பயத்தைக் குறைக்கும் மனநலச் சிகிச்சையும் உண்டு, மருந்துகளும் உண்டு.

இந்த நோட்டு மருத்துவருக்குத் துணை செய்வதற்கே. இதை வைத்து நாமே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. நாமே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நடுக்குவாத மருந்தைத் திடீரென்று நிறுத்துவது பேராபத்து. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்கு எடுக்கும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கவும் கூடாது. தள்ளாடும் காலோடு அந்த மயக்கமும் சேர்ந்தால் விழுந்து எலும்பு முறியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோ கடும் மூச்சுத் திணறலோ வந்தால், "இது வழக்கமான பயம்தான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். இதயக் கோளாறாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதுபோலவே, "நான் இருந்து என்ன பயன்?" என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் பேசும் முறையும் மாற வேண்டும். "எதுக்கு இப்படிப் பயப்படுறீங்க? தைரியமா இருங்க" என்று அதட்டினால் பயம் போகாது. பயப்படுவதைச் சொல்லும் பழக்கம்தான் போய்விடும். அதற்குப் பதிலாக, "பயமா இருக்குன்னு தெரியுது தாத்தா. நான் பக்கத்துல இருக்கேன். மாத்திரை வேலை செஞ்சதும் குறையும்" என்று சொல்லிப் பாருங்கள். திருவிழாவுக்கு வரமாட்டேன் என்பவரை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். கூட்டம் இல்லாத நேரத்தில், மருந்து நன்றாக வேலை செய்யும் வேளையில், அரை மணி நேரம் அழைத்துப் போய் வாருங்கள். சிந்தாமல் சாப்பிட ஒரு கரண்டியும் ஆழமான கிண்ணமும் கொடுத்தால், பல வீடுகளில் பெரியவர்கள் மறுபடியும் பந்தியில் உட்காருவார்கள்.

நேயர்களே, ஒரு தலைமுறை மழையென்றும் பனியென்றும் பாராமல் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போனது. உடம்புக்கு என்ன என்று கேட்டால்கூட, "ஒண்ணுமில்லை" என்று சொல்லியே பழகியது. அந்தத் தலைமுறைதான் இன்று முதுமையில் நம் வீடுகளில் இருக்கிறது. மனத்தில் பயம் இருக்கிறது என்று தாமாக வந்து சொல்ல அவர்களுக்கு வராது. கையின் நடுக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மனத்தின் நடுக்கம், கேட்டவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருந்து அட்டையோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கையைக் காட்டிய பிறகு, மனத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.